பொம்மைக்குப் பொருந்தாத சட்டை

எங்கள் தெருவில் யார் எதைச் செய்தாலும் முதலில் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக நான் எட்டிப் பார்க்கிறேன் என்று அர்த்தமில்லை. என் மாடி வராந்தாவில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நேர் எதிரே தையல்கார அக்காவின் கடை இருப்பது என் குற்றமா? அங்கே ஏதாவது நடந்தால் செடிக்கு ஒரு நாளில் ஐந்து தடவைகூடத் தண்ணீர் கிடைக்கும். போன வருடம் அது அழுகும் நிலைக்கு வந்துவிட்டது. காரணம் நான் இல்லை, நகராட்சி.

நகராட்சி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள், பூங்காக்காரர்கள், குப்பை வண்டி ஓட்டுநர்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கான சீருடையை இனிமேல் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கப் போவதில்லையாம். உள்ளூரில் தைப்பவர்கள் குறைந்தது மூன்று பேர் கூட்டுறவாகச் சேர்ந்தால் வேலை அவர்களுக்கே. தைப்பவர் எவராக இருந்தாலும் ஒரே கூலி, அதுவும் குடும்பம் நடத்தப் போதுமான கூலி. ஊர்ப் பணம் ஊருக்குள்ளே சுற்ற வேண்டுமாம்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. நகராட்சி என்றால் எங்களுக்குத் தெரிந்தது வரி ரசீதும் உடைந்த சாக்கடை மூடியும்தான். அது கொண்டுவந்த சீருடையைத்தான் பார்த்திருக்கிறோமே. மூன்று அளவில் வரும்: பெரியது, அதைவிடப் பெரியது, கூடாரம். பேருந்து நிலையத்தில் பெருக்கும் அம்மா மூன்று ஊக்கு குத்தித்தான் அதற்குள் நிற்பார்.

ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அறிவிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு வந்து, கத்தரிக்கு அடியில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடி அங்கேயே வைத்தார். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். ஊருக்கு வெளியே உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலர் பிரிவு. முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

வேன் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று சொன்னது என் வராந்தா வரை கேட்டது. "மாசம் பொறந்தா சம்பளம். இங்க உக்காந்து எத்தனை நாளைக்கு அடுத்தவங்க பேன்ட் நுனியை மடிச்சிட்டு இருப்ப?"

"இருபது வருஷமா முழுச் சட்டை தெச்சிருக்கேன்," என்றார் அக்கா. "இனிமே சாகுற வரைக்கும் கழுத்து மட்டும் தைக்கணுமா? கை எங்க போகுது, உடம்பு எங்க போகுதுன்னுகூடத் தெரியாம?"

"சரி, நகராட்சி வேலை கிடைச்சா இரு. கிடைக்கலைன்னா முதல் தேதி கடைக்குப் பூட்டு. சரியா?"

"சரி," என்றார் அக்கா. செடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே போனவர் தலையில் விழுந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

மூன்று பேர் வேண்டுமே. முதல் ஆள் சுலபமாகக் கிடைத்தார். தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், எப்போதும் கையில் எண்ணெய்க் குப்பியோடு திரிவதால் தெருவில் அவருக்கு எண்ணெய் என்றே பெயர். கித்தான் பை தைத்துப் பழக்கம், கனத்த துணிக்குக் கை வாகாக வரும். சிக்கல் அடுத்த ஆள்தான். எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே தையல்காரர் கோட்டுக்காரர். கல்யாணக் கோட்டு மட்டும்தான் தைப்பார், சட்டை தைக்கிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். அக்காவோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் அவர் தைத்த கோட்டைப் பார்த்து அக்கா, "மாப்பிள்ளை பீரோக்குள்ள நிக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தியை அவர் காதில் கொண்டு சேர்த்த நல்ல மனம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

கோட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தது நகராட்சியின் கொள்முதல் அதிகாரிதான். அந்த அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் ஷரத்து எண் சொல்லித்தான் பேச வரும், அதனால் ஷரத்தம்மா. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் அதிகாரியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. இவரோ கடை கடையாக ஏறி இறங்கினார். கோட்டுக்காரர் கடையில் அரை மணி நேரம் இருந்தார். என்ன பேசினார் என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள், என்ன மனிதர்களோ. மறுநாள் கோட்டுக்காரர் தன் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குள் நுழைந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நுழைந்தார்.

அதன் பிறகு எனக்கு அடிக்கடி சட்டைப் பொத்தான் அறுந்துபோயிற்று. கடையில் போய் உட்கார்ந்தால் காது குளிரும்.

"எண்ணெய், தோள் பக்கம் கால் இன்ச் விட்டு வெட்டச் சொல்லு," என்பார் அக்கா, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல்.

"அது எனக்குத் தெரியாதான்னு அந்தம்மாகிட்ட கேளு எண்ணெய்," என்பார் கோட்டுக்காரர் சுவரைப் பார்த்து.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் டீ குடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காதீங்க," என்று எண்ணெய் எழுந்து போவார். அவர் திரும்பி வரும்வரை கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

முதலில் பன்னிரண்டு சட்டை மாதிரி தைத்துக் கொடுக்க வேண்டும், அது தேறினால்தான் முழு வேலை. ஷரத்தம்மா ஒரு அளவுப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் நான்கு.

அக்கா பட்டியலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது யாரோட அளவு மேடம்?"

"யாரோடதும் இல்லைங்க. பொது அளவு."

"ஆள் இல்லாம அளவா?"

ஷரத்தம்மா போன பிறகு ஒரு தவறு நடந்தது. தவறு என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆளைப் பார்க்காமல் கத்தரியைத் துணியில் வைக்கக் கூடாது என்பதில் மட்டும் அக்காவுக்கும் கோட்டுக்காரருக்கும் ஒன்பது வருடமாகக் கருத்து வேறுபாடு இல்லை. பட்டியலை மடித்து ஆட்டம் காணும் மெஷின் காலுக்குக் கீழே வைத்தார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு மூவரும் குப்பை வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி அளவெடுத்தார்கள்.

அளவு மட்டுமா எடுத்தார்கள்? அக்கா ஒவ்வொருவரையும் வேலை செய்து காட்டச் சொன்னாராம். பெருக்கும் அம்மாவுக்கு வருடக்கணக்கில் துடைப்பம் பிடித்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சாக்கடை அடைப்பு எடுப்பவர் குனிந்தால் சட்டை மேலேறி முதுகு தெரிந்தது, அவருக்குப் பின்பக்கம் நீளமாக. ஒரு ஓட்டுநர் இடது கைக்காரர், அவருக்குப் பை வலது பக்கம். கையைத் தூக்கினால் அக்குள் கிழிகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். கோட்டுக்காரர், கோட்டில் மட்டும் செய்யும் ஒரு வேலையை, அக்குளில் சாய்சதுரமாக ஒட்டுத் துணி வைப்பதை, பன்னிரண்டு சட்டையிலும் செய்தார். யாரும் கேட்கவில்லை. எண்ணெய் வழியாகக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. அக்கா அதைப் பார்த்தார். அன்று டீ வாங்கி வந்தபோது கோட்டுக்காரர் டம்ளருக்கு மேல் ஒரு மூடி வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

சோதனை நாள் வந்தது. நகராட்சிக் கூடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இப்படி அழைத்த பிறகு போகாமல் இருப்பது மரியாதை இல்லை. முன்வரிசையில் இடம் பிடித்தேன். முதல் தேதிக்கு இன்னும் நான்கு நாள்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை நின்றது. தலை இல்லை, கை இல்லை, நேரான தோள், நிமிர்ந்த மார்பு. பழைய கம்பெனிக் காலத்திலிருந்து அதன் மேல் போட்டுப் பார்த்துத்தான் சீருடையைத் தேற்றுவது வழக்கம். ஷரத்தம்மாவின் உதவியாளர் முதல் சட்டையைப் போட்டார். ஒரு பக்கத் தோள் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது சட்டையின் பின்பக்கம் வாலைப் போலத் தொங்கியது. மூன்றாவதில் பை தப்பான பக்கம். உதவியாளர் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டில் பத்து தேறவில்லை. பின்வரிசையில் யாரோ, "கண்ணை மூடிட்டுத் தெச்சாங்களோ?" என்றார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன். எங்கள் தெருவைக் கேலி செய்ய நாங்கள் இருக்கிறோம், வெளியாட்கள் வேண்டாம்.

அக்கா எழுந்து போய், கழற்றிப் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். கடைசிச் சட்டையை மடிக்கும்போது நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மேடம், இந்தப் பொம்மை எந்த வார்டுல பெருக்குது?"

கூடம் சிரித்தது. ஷரத்தம்மா சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் மனதுக்குள் அக்காவின் கடைக்குப் பூட்டே போட்டுவிட்டேன்.

"ஷரத்து ஏழு," என்று படித்தார். "சீருடை, அதை அணிபவரின் வேலைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்." மறுபடி புரட்டினார். முதலிலிருந்து கடைசி வரை போனார். பிறகு தலையைத் தூக்கிப் பொம்மையை, அழைக்காமல் வந்து உட்கார்ந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்த ஷரத்தெல்லாம் நான் எழுதினது. இதுல பொம்மைன்னு ஒரு வார்த்தை இல்லையே. இதை யார் இங்க வெச்சது?"

"பழைய கம்பெனி விட்டுட்டுப் போனது மேடம்," என்றார் உதவியாளர். "எப்பவும் இதுலதான் பாப்போம்."

"அதை ஓரமாக் கொண்டு போங்க. பெருக்குறவங்களைக் கூப்பிடுங்க. துடைப்பமும் வரட்டும்."

பேருந்து நிலையத்து அம்மா மூன்று ஊக்கோடு வந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு நொடி எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தோள் இரண்டும் சமமாக இருந்தன. துடைப்பத்தை எடுத்துக் கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். நாற்காலிக்குக் கீழே குனிந்தார், முதுகு தெரியவில்லை. கூரை மூலையில் இருந்த ஒட்டடைக்குக் கையை நீட்டினார், அக்குள் கிழியவில்லை. அந்தக் கூடத்துக்கும் அந்தச் சுத்தம் தேவையாகத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த நாங்கள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டோம்.

"போதும், கழட்டிக் குடுத்துடுங்க, மாதிரிக்கு வேணும்," என்றார் உதவியாளர்.

"கழட்ட மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "பதினாறு வருஷமா வேற யாருக்கோ தெச்சதைப் போட்டுட்டு இருந்தேன். இது எனக்குத் தெச்சது. மாதிரிக்கு வேணும்னா என் பழசை வெச்சுக்கங்க."

உதவியாளர் அந்தப் பழைய சட்டையைப் பொம்மைக்குப் போட்டார். கச்சிதமாக இருந்தது. இந்தத் தடவை ஷரத்தம்மாவும் சிரித்துவிட்டார்.

மற்றவர்களும் வந்து அவரவர் சட்டையைப் போட்டு வேலை செய்து காட்ட, பன்னிரண்டும் தேறின. முழு வேலையும் அவர்களுக்கே, ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இதேபோல ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்க வேண்டும். பத்து வாரம். மூன்று பேரால் முடியாது, ஊரிலேயே இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதே கூலி, கூட்டுறவில் அதே ஓட்டு. ஷரத்து பதினொன்று.

படியிறங்கும்போது கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். எண்ணெய் வழக்கம்போலக் காதைக் கொடுத்தார். கோட்டுக்காரர் அவரைத் தாண்டி நேராக அக்காவைப் பார்த்தார்.

"தோள் இறக்கினது நல்ல வெட்டு."

"ஒட்டு வெச்சது அதைவிட நல்லது," என்றார் அக்கா. "இருந்தாலும் அந்த மாப்பிள்ளை பீரோக்குள்ளதான் நின்னார்."

"அந்தப் பையன் கொஞ்சம் ஒல்லி," என்றார் கோட்டுக்காரர். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒத்துக்கொண்டார்.

தொழிற்சாலைக் கடிதத்தை அக்கா கிழித்துப் போடவில்லை. நல்ல கெட்டித் தாள். அதை வெட்டிக் காலருக்கு அச்சாக வைத்துக்கொண்டார். இருநூற்றுப் பன்னிரண்டு காலரும் அதைப் பார்த்துத்தான், அவரவர் கழுத்துக்குக் கூட்டிக் குறைத்து, வெட்டினார்கள். அவர் வீட்டுக்காரர் வேனில் துணி ஏற்றி வருகிறார், அந்தக் காலரைத் தொட்டுத் தொட்டு எல்லாருக்கும் காட்டுகிறார், பூட்டு என்று ஒரு வார்த்தை தான் சொன்னதே இல்லை என்கிறார்.

இப்போது காலையில் எங்கள் ஊர்த் தெருக்களைப் பார்க்க வேண்டும். ஒரே நிறச் சட்டைதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நான் சொல்லிவிடுவேன்: "அந்தத் தோளைப் பாருங்க. எங்க தெருவுல தெச்சது." கேட்காதவர்களிடமும் சொல்வேன். பக்கத்து நகராட்சியிலிருந்து இரண்டு பேர் குறிப்பேட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஷரத்தம்மா அவர்களுக்கு ஷரத்து எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் அளவுப் பட்டியல் எங்கே என்று கேட்டபோது, மெஷின் காலுக்கு அடியில் இருக்கிறது என்றார் அக்கா.

சேர்த்துக்கொண்ட ஆறு பேரில் ஒருவரைப் பற்றித் தெருவில் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. பொத்தான் வைக்கிற வேலைக்கு எத்தனையோ பேர் இருக்க, எப்போதும் பொத்தான் அறுந்து வந்து உட்கார்ந்திருக்கிற ஆள்தானா கிடைத்தது என்கிறார்கள். "வெளிய இருந்து கேட்டாப் பாதிதான் காதுல விழும், தப்பாப் போய்ச் சொல்லும். உள்ளேயே உக்காரட்டும்," என்று அக்கா சொன்னாராம். இதுவரை ஆயிரத்து நூறு பொத்தான் வைத்துவிட்டேன், ஒன்றுகூட அறுந்ததில்லை. என் இடம் ஜன்னலை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால் என் வராந்தாதான் தெரிகிறது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாததால் செடி நிமிர்ந்து இரண்டு புது இலை விட்டிருக்கிறது.