பொத்தான் பக்கம்

"தோள் எவ்வளவு?" உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

பெரியவள் தங்கையின் தோளில் டேப்பை வைத்துப் பார்த்தாள். "பதினாறும்மா."

கூடத்துப் பெஞ்சில் ஆஸ்பத்திரிப் போர்வைக்குள் கிடந்தாள் சின்னவள். காய்ச்சலென்று போனவள். பெண்கள் வார்டா, ஆண்கள் வார்டா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசி முடிப்பதற்குள் நடைவழிக் கட்டிலிலேயே உயிர் போய்விட்டது. போன வருஷம் தன்னைப் போன்ற ஒருத்திக்குப் பெண்கள் வார்டில் இடம் கேட்டு, அதே நடைவழியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவள் இவள்தான். இடம் கிடைத்தது. அன்றிலிருந்து கூட்டாளிகளுக்கு இவள் 'மைக்'.

"மார்பு?"

டேப்பை முதுகுப் பக்கம் நுழைத்தாள் பெரியவள். உயிரோடு இருந்திருந்தால், கூசுதுக்கா என்று நெளிந்திருப்பாள். "முப்பத்தாறு. ஆம்பளைச் சட்டை மாதிரி நேரா வெட்டினா உக்காராதும்மா."

கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவளுக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

சட்டை அப்பாவின் உத்தரவு. அப்பா பஸ் செக்கர். டிக்கெட் இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிட்டே பழகியவர். 'இந்த வீட்ல இருக்கணும்னா சட்டை போட்டுட்டு இரு' என்று அவர் சொன்ன அன்று பதினேழு வயதில் கிளம்பிப் போனவள், இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். விட்டுப்போன சட்டைகள் எதுவும் பத்தவில்லை. டிப்போவில் சீருடைக்குக் கொடுத்த வெள்ளைத் துணியை அப்பா காலையில் அம்மாவின் மெஷின் மேல் வைத்துச் சொன்னார்.

"பையனாப் பொறந்தான், பையனாப் போகட்டும். மத்தியானம் சொந்தக்காரங்க வந்துடுவாங்க. நாலு பேரு வாயில விழ முடியாது."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்பா ஒரு சட்டையால் மூடப் பார்த்தார்.

வெளியே கேட்டைப் பூட்டியிருந்தார். கூட்டாளிகள் வெயிலில் நின்றார்கள். பெரியவள் தண்ணீர் கொண்டுபோனபோது அவர்களில் உயரமானவள் ஒரு பையைக் கம்பி வழியாக நீட்டினாள். சின்னவளின் நீலக் கவுன்.

"செத்தாலும் என்னைச் சட்டை போட்டு அனுப்பிடாதீங்கடின்னு சொல்லுவாக்கா. நாங்க சிரிப்போம். அது ஒண்ணுதான் கேட்டா."

"அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள் பெரியவள். அதற்குச் சுவரிடம் சொல்லலாம். பையை வாங்காமலே திரும்பினாள். தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

உள்ளே அம்மா பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து முடித்திருந்தாள். பெரியவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பில் இரண்டு பக்கமும் ரவிக்கைக்குப் பிடிப்பதுபோல் டார்ட் பிடித்திருந்தது. காஜா வலது பக்கம் இருந்தது, பொத்தான் இடது பக்கம்.

"அம்மா, பக்கம் மாறிடுச்சு. இது பொம்பளைங்களுக்கு வைக்கிறது."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இத்தனை வருஷமா தைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்பா பாத்தா?"

"பாக்கட்டும். பிசிறு இருக்கானு பாரு."

இருவருமாகக் கையைத் தூக்கிச் சட்டையை மாட்டினார்கள். எடுத்த அளவு வீண்போகவில்லை, கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா கூடத்துக்கு வந்தார்.

"தள்ளு, நான் போடறேன்."

பள்ளிக்கூடக் காலத்திலும் அம்மா மெஷினில் இருப்பாள். சின்னவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவது அப்பாதான். அவர் விரல்கள் அதே பழக்கத்தில் போய்ப் பொத்தானைத் தேடின. அங்கே காஜா இருந்தது. மறுபடியும் தடவினார். பிறகு குனிந்து பார்த்தார்.

"தப்பாத் தச்சிருக்க."

"இல்ல" என்றாள் அம்மா.

பிய்த்து எறிந்துவிடுவார் என்றுதான் பெரியவள் நினைத்தாள். அப்பா சட்டையின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். அம்மா டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள். தெருவில் ஏதோ வண்டி போயிற்று.

அப்பா கைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். விரல் தடுமாறியது. கழுத்துப் பொத்தான்வரை போட்டு முடித்தார்.

"சாவி ஆணியில இருக்கு" என்றார் பெரியவளைப் பார்க்காமல். "வெயில்ல நிக்கிறவங்கள உள்ள வரச் சொல்லு."

அவள் சாவியை எடுத்தாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "கழுத்துப் பொத்தான் வேணாம். அவளுக்குப் பிடிக்காது."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள் பெரியவள். அப்பா குனிந்து அந்த ஒரு பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.