குரல் ஒப்படைத்த வரிசை

1977ஆம் வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ரூசா தேயிலைத் தோட்டத்தில், தங்கையாவின் குரல் அவர் தொண்டையை விட்டு இருளப்பனின் தொண்டைக்குப் போய்ச் சேர்ந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் அறுபது பேர் அதைப் பார்த்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்த கொழுந்துக்கு ஈரக்கழிவு என்று ஆபீசில் கூடைக்கு இரண்டு கிலோ எடையைப் பிடித்திருந்தார்கள். அந்தப் பேச்சு ஓய்ந்த பிறகுதான் இது நடந்தது. தொழிலாளர் சங்கக் கிளைத் தலைவர் தேர்தலுக்கு அந்த வருஷம் ஐந்து பேர் நின்றார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் மச்சான் கந்தசாமி ஒருவன். அவன் ஜெயித்தால் ஆபீசில் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற நால்வரும் தனித்தனியே நின்றால் அவன்தான் ஜெயிப்பான் என்பதும் தெரியும். ஆகவே ஒவ்வொருவராக விலகி இருளப்பன் ஒருவருக்கே ஆதரவைக் கொடுப்பது என்று முடிவானது. பெண்ணுக்கு நிச்சயம் பண்ணுவதுபோல வெற்றிலைத் தட்டு மாற்றித்தான் விலக வேண்டும். தட்டு கை மாறினால் பேச்சு மாறக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். தங்கையா தட்டைக் கொடுத்துவிட்டு, “இனிமே என் சனமெல்லாம் இருளப்பன் பக்கம்” என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் இருளப்பனின் வாயிலிருந்து, தங்கையாவின் இருமலோடு வந்தது. ஆதரவைக் கொடுத்தால் முழுசாகத்தானே கொடுக்க வேண்டும் என்று சனங்கள் கலைந்து போனார்கள்.

அடுத்த ஞாயிறு ராமையா விலகினார். அவர் குரலும் போனது. மிஞ்சியது அம்மாக்கண்ணு. நாற்பத்தைந்து வயதுக் கொழுந்துக்காரி, புருஷன் இல்லாதவள். அவள் தேர்தலுக்கு நின்றதே மகள் சரோஜாவுக்காக. சரோஜா இரண்டு வருஷமாகக் களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். முதுகில் மருந்து டின், கையில் உறை கிடையாது, மூக்குக்குக் கட்டக் கிழிந்த சேலைத் துண்டு. பத்தொன்பது வயதில் அவளுக்கு நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. அவளை நாற்று வளர்க்கும் நர்சரிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அம்மாக்கண்ணு கேட்டது. தங்கையா கோயில் கூரை கேட்டார், ராமையா தண்ணிக் குழாய் கேட்டார். நகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. “நீயும் விட்டுக் கொடுத்திடும்மா, உன் பேச்சு போனா வீடு அமைதியா இருக்கும்லா” என்று சரோஜாகூடச் சிரித்தாள். “போடி. கடைசி ஆளா நின்னாத்தான் நம்ம சொல்லுக்கு எடை. நான் இல்லாம அவங்களால ஜெயிக்க முடியாதுன்னு தெரியட்டும்” என்றாள் அம்மாக்கண்ணு. தேர்தலுக்கு முந்தின நாள் வரை பிடி கொடுக்காமல் நின்று, இருளப்பனைக் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வைத்த பிறகே தட்டை நீட்டினாள். “தங்கச்சி, உன் மகள் விஷயம் என் உசுரு மாதிரி” என்றார் இருளப்பன். அவள் சரி என்று சொல்ல நினைத்தாள். சரி என்று அவள் குரலில் இருளப்பன்தான் சொன்னார்.

இருளப்பனுக்கு நூற்றுப் பன்னிரண்டு கை, கந்தசாமிக்கு எழுபத்தொன்று. அதன்பின் தெரியவந்தது ஒன்றுதான்: குரல்கள் ஒப்படைத்த வரிசையில்தான் வெளியே வந்தன. எடை போடுகிற இடத்தில் முன்னால் வந்த கூடை முன்னால் போவதுபோல. முதலில் தங்கையா, பிறகு ராமையா, கடைசியில் அம்மாக்கண்ணு. இருளப்பனின் சொந்தக் குரல் அதற்கும் அடியில் எங்கோ கிடந்தது. அவர் மனைவி இராசம்மா குழாயடியில், “சோறு போடுன்னு கேக்கிறதுக்கு முன்னால கோயில் கூரையப் பத்தி ஒரு பாட்டம், தண்ணியப் பத்தி ஒரு பாட்டம், சரோஜா நகத்தப் பத்தி ஒரு பாட்டம் பேசி முடிக்கிறாரு. அதுக்குள்ள சோறு ஆறிப்போவுது, என்ன பொழப்புலா இது” என்று சொல்லிச் சிரிப்பாள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் தொரையோடு சங்கத் தலைவருக்குப் பேச்சுவார்த்தை வருஷத்துக்கு ஒரு முறைதான். தொரை ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு உட்காருவார். கோப்பை காலியானால் எழுந்துவிடுவார். 1978இல் கோயில் கூரைக்கும் தண்ணிக் குழாய்க்கும் கோப்பை சரியாகப் போனது. 1979இல் தங்கையாவின் இருமலே பாதிக் கோப்பையைக் குடித்தது. சரோஜா தானே ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். “தலைவர் இருக்காருல்ல, அவர் வழியா வா” என்றார் கிராணி. அந்த வருஷமே அவள் மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது.

வெற்றிலையைத் திருப்பித் தர இருளப்பன் எத்தனையோ முறை அம்மாக்கண்ணு வீட்டுக்குத் தட்டோடு வந்தார். குரல் திரும்பிப் போகவில்லை. சாவு ஒன்றுதான் அதைப் பிரிக்கும் என்பது 1980இல், தங்கையா இறந்த அன்று இருமல் இருளப்பனை விட்டுப் போனபோது தெரிந்தது. அதற்குப்பின் அம்மாக்கண்ணுவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ராமையா வீட்டுப் பக்கம் போனால் அவர் நடையைப் பார்ப்பாள், மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பாள். தன் கண் எதைத் தேடுகிறது என்று அவளுக்கே புரிந்த நாளில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். ராமையாவுக்கும் அது தெரியும். குரல் இல்லாத அந்தக் கிழவர் ஒரு நாள் வழியில் அவளை நிறுத்தி, தன் நெஞ்சில் கை வைத்து, பிறகு வானத்தைக் காட்டி, நான் என்ன செய்ய என்பதுபோல் கையை விரித்தார். கடவுள் அவருக்கு நல்ல உடம்பைக் கொடுத்திருந்தார். 1981, 82, 83, மூன்று கோப்பையும் தண்ணிக் குழாயிலேயே முடிந்தது. 1983 ஐப்பசியில் சரோஜாவைத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டு போனார்கள். வளைவுகளில் அவள் அம்மாவின் மடியில் தலை வைத்து, “ஏதாவது பேசும்மா” என்று கேட்டுக்கொண்டே போனாள். தாப்பா போய்ச் சேருமுன் கேட்பதை நிறுத்திவிட்டாள். இருபத்தைந்து வயது.

ராமையா 1983 மார்கழியில் தூக்கத்தில் போனார். அடுத்த மாதம் பேச்சுவார்த்தையில் தொரை கோப்பையைக் கையில் எடுத்ததுமே இருளப்பனின் வாயிலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல், ஏழு வருஷத்துக்கு முந்தைய குரல், கொஞ்சமும் தேயாமல் வந்தது: “எம் மக சரோஜாவ மருந்து வேலையிலேருந்து எடுத்து நர்சரியில போடுங்க தொரை. புள்ளைக்கு நகமெல்லாம் விழுது.” அதை நிறுத்த இருளப்பன் வாயைப் பொத்தினார், விரல் இடுக்கில் வந்தது. தொரை புதியவர், நல்ல மனுஷர். “இவ்வளவுதானா?” என்று கேட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். கோப்பையில் முக்கால்வாசி தேத்தண்ணி மீதி இருந்தது.

உத்தரவு வந்தால் வந்ததுதான். மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், காலை ஆறு மணிக்கு, கிராணி நர்சரி ஆட்களைக் கூப்பிடும்போது சரோஜா என்று கூப்பிட்டார். வரிசையில் நின்ற இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “வந்துட்டேன்” என்று அம்மாக்கண்ணுவின் குரல் சொன்னது. கிராணி குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நர்சரியில் சரோஜாவுக்கு ஒதுக்கிய பாத்தியில் இருநூறு நாற்றுப் பையில் மண் நிரம்பியிருந்தது. யார் நிரப்பியது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை, மற்றவர்களுக்கும் அவரவர் பை இருந்தது. பிறகு தினமும் அப்படியேதான். 1989இல் ஒரு நாள்கூட வேலைக்குத் தவறாதவர்களுக்குத் தோட்டத்தில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நான்கு பேர் பெயர் வந்தது, அதில் சரோஜாவின் பெயரும் ஒன்று. அம்மாக்கண்ணு மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.