இருண்ட செல்லுக்குள் யார்?

"தூக்கிப் போடு! கறுப்பா இருந்தா குப்பை. இந்த லேப்ல அதுதான் சட்டம்."

சொன்னவர் ஆய்வகத் தலைவி. மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்தவள் அவருடைய மருமகள்.

மதியம் குழு கூடுகிறது. மருமகளின் வைரஸ் ஆய்வைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று அங்கே முடிவாகிவிடும். கையில் இருப்பதோ இருண்ட ஸ்லைடுகள்!

சின்ன வயதில் சத்தமில்லாமல் நுழைந்து, ஆயுள் முழுக்க உடம்பில் குடியிருக்கும் வைரஸ் அது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களில் ஒரு துணுக்கைத் தட்டில் வைத்து வெளியே நீட்டும். ரோந்து வரும் காவல் செல்கள் பார்க்கும். வைரஸின் துணுக்கு என்றால் செல்லையே தீர்த்துக்கட்டும். இந்த ஆசாமி மட்டும் சிக்குவதில்லை. எப்படி?

தட்டில் ஒட்டினால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்று உண்டு. செல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. வைரஸ் புகுந்த செல்களில் அந்த ஒளியே இல்லை.

"சாயம் கெட்டிருக்கும். இல்லேன்னா செல் செத்திருக்கும்."

"ரெண்டும் இல்ல மேடம். வைரஸ் இல்லாத செல்லுல இதே சாயம் ஜொலிக்குது. இதுங்களும் உயிரோடதான் இருக்கு. தட்டை உள்ளயே பதுக்கி வெச்சிருக்கோன்னு..."

"பதுக்கி வெச்சிருக்கோன்னு போய் நின்னா குழு சிரிக்கும்மா."

"அதான் ஓட்டை போட்டுட்டேன்."

"எதுல?"

"செல்லோட சவ்வுல. இந்த ஸ்லைடுல சாயம் உள்ள வரைக்கும் போயிருக்கு. நீங்களே பாருங்க."

தலைவி குனிந்தார். லென்ஸில் கண்ணை வைத்தார்.

செல்லுக்குள் பச்சை வெள்ளம்! செல் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. வைரஸ்தான் தட்டுகளை வாசல் தாண்ட விடாமல் சிறைவைத்திருக்கிறது.

"திருட்டுப் பயலே! உன்னை எத்தனை தடவை நானே குப்பையில போட்டிருக்கேன்..."

உடனே மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், உன் பொண்டாட்டி பிடிச்சுட்டாடா!"

"யாரைம்மா?"

"சொன்னா உனக்குப் புரியாது. வை போனை."

குழு அறையில் தலைவிக்கென்று முன்வரிசையில் நாற்காலி இருந்தது. அவர் மருமகளின் முதுகில் கைவைத்து அதன் பக்கம் தள்ளினார்.

"இவதான் பேசுவா. நான் கேக்க வந்திருக்கேன்." சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

மருமகள் பேசி முடித்தபோது, ஆய்வை மூடுவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்து என்னென்ன வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது:

"தாராளமா கேளும்மா!"