சுஹைனா தேர்ந்தெடுத்த கமராப் புத்தகம்

சுஹைனா புதுக் கமராவை வாங்கிய நான்காம் நாள், அவள் எடுத்த படங்களை அவளுக்கு முன்னமே அவளுடைய கணவன் ஜிப்ரி பார்த்துவிட்டான். அவன் இருந்தது கட்டாரில்.

அன்று பின்னேரம் அவள் செட்டிபாளையத்தில் கஜானியின் வீட்டில் இருந்தாள். கஜானி ஆறு வருடமாக அவளோடு வேலை செய்கிறவள். கலியாண வீடுகளில் லைட் பிடிப்பதும் பிறகு அல்பம் வடிவமைப்பதும் அவள்தான். தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி வாவிப் பக்கத்து வேலியோரம் நின்றாள். பின்னால் தண்ணீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. முகத்தின் நிறம் புதுக் கமராவில் எப்படி விழுகிறது என்று பார்க்க, சுஹைனா இருபது முப்பது படம் எடுத்தாள். எடுத்து முடித்துத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது ஜிப்ரியின் அழைப்பு வந்தது.

“கஜானி நல்லாச் சிரிக்கிறா. எங்க எடுத்த, வாவிக்கரையிலயா?”

“அது உங்களுக்கு எப்பிடி வந்த?”

“எனக்கென்ன தெரியும். என்ட டெப்லெட்ல வந்து கிடக்குது. ஒவ்வொண்டா வந்துக்கிட்டே இரிக்கி.”

சுஹைனா கமராவைப் பார்த்தாள். அது அணைந்த நிலையில் மேசையில் இருந்தது.

நடந்தது என்னவென்று கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. பெட்டியைப் பிரித்த அன்று கமரா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் ‘ஆம்’ கொடுத்திருந்தாள். கமரா படங்களை அவளுடைய போனுக்கு அனுப்பியது. போன் அவற்றைத் தன் பாட்டில் இணையக் கணக்கில் ஏற்றியது. அந்தக் கணக்கு புருசன் பெண்சாதி இருவருக்கும் பொது.

“பரவாயில்லக்கா, ஜிப்ரி அண்ணன்தானே” என்று கஜானி சிரித்தாள்.

சுஹைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடமாக அவள் செய்கிற தொழில் ஒன்றே ஒன்றுதான்: ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் கலியாண வீடுகளின் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பது. ஆண்கள் யாரும் நுழையாத அறைக்குள், முக்காடில்லாமல், பூவும் நகையுமாக இருக்கிற பெண்களை அவள் எடுப்பாள். அந்தப் படங்கள் அந்த வீட்டின் அலுமாரிக்குள் போகும், வேறெங்கும் போகாது. அவளைவிட நன்றாகப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியும். வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிடுவது இந்த ஒரு காரணத்துக்காக.

“கஜானி, இன்னும் பன்னிரண்டு நாளையில ஓட்டமாவடிக் கலியாணம். அதுக்குள்ள இந்தக் கமரா என்னென்ன செய்யும், என்னென்ன செய்யாது எண்டு எனக்கு முழுசாத் தெரியோணும். அரைகுறை வேணாம்.”

“பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் வந்ததே?”

வந்திருந்தது. கையளவுப் புத்தகம், பற்றரியை எப்படிப் போடுவது என்பதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கம்பனியின் இணையத்தளத்தில் அறுநூறு பக்கத்துக்கு இன்னொன்று இருந்தது. அன்றிரவே கஜானி அதைத் திறந்து, ஆங்கிலத்தை வாசித்து வாசித்துச் சொன்னாள். இந்தப் பகுதியில் ஆம், இல்லை என்று தெரிவு செய்யலாம் என்றது. எதற்காக ஆம், எப்போது இல்லை, இதை மாற்றினால் வேறு எது மாறும் என்ற பேச்சே அதில் இல்லை.

“இது கமராவச் செஞ்ச ஆக்கள் எழுதினது” என்றாள் சுஹைனா. “பாவிச்ச ஆக்கள் எழுதினதத் தேடுவம்.”

அப்படிப்பட்ட புத்தகங்கள் இருந்தன. இந்த ஒரு கமராவுக்கே மூன்று. இரண்டு, காத்தான்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற மர்சூக்கிடம் இருப்பது தெரிந்தது. மூன்றாவதைக் கஜானி இணையத்தில் கண்டாள். அதன் பொருளடக்கத்தையும் இரண்டு அத்தியாயங்களையும் இலவசமாகப் பார்க்க விட்டிருந்தார்கள். அதை அச்செடுத்துக்கொண்டாள்.

மர்சூக்கிடம் போவதற்கு முன், சுஹைனா ஒரு துண்டில் மூன்று கேள்விகளை எழுதினாள். படம் போனுக்குப் போவதை எப்படி முழுதாக நிறுத்துவது? மெமரி கார்டில் அழித்த படம் உண்மையாகவே அழிகிறதா? மூன்றாவது, சத்தமில்லாத ஷட்டரைக் கலியாண அறையில் பாவிக்கலாமா?

“மூண்டாவதுக்கு உங்களுக்கு விடை தெரியுமேயக்கா” என்றாள் கஜானி.

தெரியும். முந்தின நாள், போனை அணைத்து வைத்துவிட்டு, தன் கடைசித் தங்கை வீட்டில் எல்.ஈ.டி. விளக்குகளின் கீழ் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்த படங்களில், முகங்களுக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன.

“அதுக்காகத்தான் எழுதின. எனக்குத் தெரிஞ்ச ஒண்டு புத்தகம் எழுதின ஆளுக்குத் தெரியுமா எண்டு பாக்கோணும். அது தெரியாட்டி, எனக்குத் தெரியாததுல அந்த ஆள் சொல்றத நான் எப்பிடி நம்புற?”

மர்சூக் ஐம்பது வயதுக்காரர், சுஹைனா அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். இரண்டு புத்தகங்களையும் மேசையில் வைத்து, தடித்ததைத் தட்டிக் காட்டினார்.

“இத எடுங்க தங்கச்சி. நான் வாங்கினதுல பிரயோசனமானது இதுதான். படங்களப் பாருங்க. எல்லாம் இந்தக் கமராவால எடுத்தது.”

படங்கள் அழகாகத்தான் இருந்தன. நீர்வீழ்ச்சிகள், பனிமலைகள், ஓர் ஆந்தை. சுஹைனா அவற்றைத் தள்ளிக்கொண்டு கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். சொல் அட்டவணையில் விரலை வைத்துக் கஜானி தேடினாள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தது. பக்கத்தைப் புரட்டி வாசித்தாள்.

“கலியாணங்களுக்கு மிக நல்லது எண்டு எழுதியிரிக்கி.”

“கோடு விழுறதப் பற்றி?”

“ஒண்டுமில்லக்கா.”

சுஹைனா புத்தகத்தை மூடினாள். “இந்த மனிசன் இந்தக் கமராவால ஒரு கலியாணமும் எடுக்கல்ல, காக்கா.”

மர்சூக்குக்குக் கொஞ்சம் சுட்டது. “எனக்கு ஒரு பிரச்சினையும் வரல்லையே.”

“நீங்க ஆம்புளையள்ட பக்கம் எடுக்கிறீங்க. உங்கட படம் வெளியில போனா அது உங்களுக்கு விளம்பரம். என்ட படம் ஒண்டு வெளியில போனா, மறுகா என்ன ஒரு வீட்டுக்கும் எடுக்க மாட்டாங்க.”

இரண்டாவது புத்தகத்தை அவரே எடுத்து நீட்டினார். அது இரண்டு கமராக்களுக்குச் சேர்த்து எழுதியது. பாதிக்கு மேல் பழைய கமராவைப் பற்றியே இருந்தது. மீதியில், விடியற்காலையில் படமெடுங்கள், குழந்தைகளைச் சிரிக்க வையுங்கள் என்று புத்திமதிகள். கார்டைப் பற்றித் தேடியபோது, ஒழுங்காக அழித்து வையுங்கள் என்ற ஒரு வரி கிடைத்தது.

கஜானி பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்தாள். அதில் அழகான படங்கள் இல்லை. இருந்தவை சுவர், மேசை, ஒரு மனுசியின் கை, விளக்கு. எழுதியவர் பத்திரிகைக்குப் படமெடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெண் என்று முன்பக்கத்தில் இருந்தது. சத்தமில்லாத ஷட்டர் என்ற தலைப்பின் கீழே கறுப்புக் கோடு விழுந்த ஒரு முகம். எந்த விளக்கில் விழும், எந்த விளக்கில் விழாது, விழுந்தால் எதை மாற்றுவது என்று நாலு பந்தி. கடைசியில், ‘ஒரு மண்டபத்தில் என்ன செய்தும் கோடு போகவில்லை, சத்தமுள்ள ஷட்டருக்கே திரும்பினேன்’ என்று எழுதியிருந்தார்.

“இவக்கு முடியாமப் போனதையும் எழுதியிரிக்கா” என்றாள் சுஹைனா. “இதுதான்.”

“மற்ற ரெண்டு கேள்வியையும் பாக்கல்லையே” என்றார் மர்சூக்.

“முழுப் புத்தகத்துலதான் இரிக்கும். வாங்கிப் பாப்பம். இவ சொல்றத நான் நம்புவன்.”

அங்கேயே இருந்து கஜானி அதைப் போனில் வாங்கினாள்.

அடுத்த வாரம் முழுவதும் செட்டிபாளையத்தில் கஜானியின் முன்னறை பரிசோதனைக் கூடமாக இருந்தது. ஒரு ஆள் வாசிக்க, மற்ற ஆள் செய்து பார்ப்பாள். கமராவை அணைத்த பிறகும் புளூடூத் விழித்திருக்கும், அதை நிறுத்துகிற இடம் வேறு என்று புத்தகம் சொன்னது. சொன்ன இடத்தில் இருந்தது. சாதாரணமாக ஃபோமெட் செய்தால் படங்கள் அழிவதில்லை, அவற்றின் பட்டியல்தான் அழிகிறது என்றது. சுஹைனா கார்டை ஃபோமெட் செய்து, படங்களை மீட்கிற ஒரு மென்பொருளைக் கஜானியின் கணினியில் ஓட்டினாள். வேலியோரம் சிரித்துக்கொண்டிருந்த கஜானி இருபத்தெட்டுப் படங்களில் திரும்பி வந்தாள். பதினொரு வருடமாக எத்தனை கார்டுகளை ‘அழித்து’ இழுப்பறையில் போட்டிருப்பேன் என்று சுஹைனா நினைத்தாள். அன்றே ஏறாவூரில் தன் வீட்டுக்குப் போய் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தாள்.

கார்டை வேறொன்றால் முழுக்க நிரப்பி மீண்டும் ஃபோமெட் செய்யுங்கள் என்றது புத்தகம். கமராவை முக்காலியில் பூட்டி, வெறும் சுவரை வீடியோ எடுக்க விட்டார்கள். கார்ட் நிறைந்ததும் ஃபோமெட் செய்து, திரும்பத் தேடினார்கள். சுவர் மட்டும் வந்தது. பழைய கார்டுகளுக்கும் ஒவ்வொன்றாக அதையே செய்தார்கள்.

ஓரிடத்தில் புத்தகமும் பிழைத்தது. வைஃபையை நிறுத்துகிற தெரிவு கமராத் திரையின் மெனுவில் மூன்றாம் பக்கத்தில் என்று எழுதியிருந்தது. இவர்களுடைய கமராவில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. புத்தகம் வெளிவந்த பிறகு கமராவின் மென்பொருள் மாறியிருந்தது. சுஹைனா பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் ஓட்டமாவடி. மணப்பெண் ரிப்கா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறவள். மேல் மாடி பெண்களால் நிறைந்திருந்தது. சுஹைனா லென்ஸைப் பூட்டிக்கொண்டிருக்கையில் ஆயிஷா உம்மா முன்னால் வந்து நின்றார். அவர் ரிப்காவின் பெரியம்மா, உம்மாவின் மூத்த ராத்தா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“மகள், இந்தப் புதுக் கமராவெல்லாம் படத்த தன்ட பாட்டுல அனுப்புதாமே. எங்கட சொந்தத்துல ஒரு புள்ளைட படம் அப்பிடித்தான் போனது. இந்தக் கமரா வேணாம். பழசக் கொண்டு வா.”

ஜன்னலோரம் இருந்த இரண்டு பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டார்கள். கஜானி சுஹைனாவைப் பார்த்தாள்.

“ஓம் மாமி, அனுப்பும்” என்றாள் சுஹைனா. “எனக்கே அது நடந்த. இந்தா நிக்கிறாளே கஜானி, இவட படம் கட்டாருக்குப் போனது.”

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. பிறகு கமராவை மேசையில் வைத்தாள்.

“இதுல அனுப்புற வழி எல்லாத்தையும் நான் பூட்டியிரிக்கன். என்ட பேச்ச நம்ப வேணாம். போன்ல கெட்டிக்காரி ஆரு, தேடிப் பாக்கட்டும்.”

ரிப்காவே மருதாணிக் கையை உயர்த்தினாள். சிரிப்பெழுந்தது. போனை எடுத்துத் தேடினாள். பக்கத்து வீட்டு வைஃபை வந்தது, கீழே யாருடையதோ காதுக்கருவி வந்தது, தொலைக்காட்சி வந்தது. கமரா வரவில்லை.

“இப்ப கமராவ அணைக்கிறன். திரும்பத் தேடுங்க. அணைஞ்சாலும் அனுப்புற பழக்கம் இதுக்கிரிக்கி.”

அப்போதும் வரவில்லை.

“அழிச்ச படம்?” என்றார் ஆயிஷா உம்மா. அவர் லேசில் விடுகிறவர் அல்ல.

“சும்மா அழிச்சாத் திரும்பி வரும். அல்பம் முடிஞ்சதும் கார்ட் முழுக்க என்ட வீட்டுச் சுவர வீடியோ எடுத்து நிரப்பி அழிப்பன். உங்களுக்கு வேணுமெண்டா கார்டையே கையில தாறன்.”

“இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லித் தந்த?”

“ஒரு புத்தகம். எழுதினதும் ஒரு பொம்புளைதான்.”

“புத்தகத்துல கிடக்கிறதெல்லாம் உண்மையா?”

“இல்ல மாமி, ஒரு இடம் பிழை. அத நாங்க திருத்திட்டம். மத்ததெல்லாத்தையும் ஒவ்வொண்டாச் செஞ்சு பாத்துத்தான் வந்திரிக்கம்.”

ஆயிஷா உம்மா அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரிப்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, முக்காட்டு ஊசியைக் கழற்றி, நரைத்த தலையைக் கையால் தடவி விட்டார். ஜன்னலோரத்துப் பெண்களும் எழுந்து வந்தார்கள். கஜானி லைட்டை உயர்த்தினாள்.

சுஹைனா எடுத்தாள். ஆயிஷா உம்மா கையை நீட்டிக் கமராவை வாங்கி, திரையில் தன்னைப் பார்த்தார்.

“கண்ண மூடிட்டன்” என்றார். “இன்னொண்டு எடு.”