மல்லாட்டை அறையில் சூரியன்

எங்கள் வீட்டில் எனக்கு ‘டூர் டீச்சர்’ என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர் பார்த்திபன். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். ஐந்து நாள் இப்படி அலைகிறவள் லீவு நாளிலாவது காலை நீட்டிப் படுப்பாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கோ லீவு விட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. நாத்தனார் பிள்ளைகள் ஆர்த்தியையும் தமிழ்மணியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைத் தடவிப் பார்த்தோம். மரக்காணம் உப்பளத்தில் காலெல்லாம் வெந்துபோக நின்று உப்பு பூப்பதைப் பார்த்தோம். பனமலைக் கோயிலில் சுவரோவியத்தைக் காட்டியபோது தமிழ்மணி, “பெயிண்டு ஏன் அத்தை உரிஞ்சிக் கெடக்கு?” என்று கேட்டு என் மானத்தை வாங்கினான்.

பரிசு விஷயத்திலும் நான் அப்படித்தான். பிறந்தநாள் என்றால் பூதக்கண்ணாடி, காந்தம், திசைகாட்டி. காந்தம் வாங்கிக் கொடுத்த வாரம் நாத்தனார் வீட்டு டிவியில் ஒரு மூலை பச்சையாகிப் போனதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

2009 ஜூலையில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. விடியற்காலை பிள்ளைகளை எழுப்பி மொட்டைமாடியில் நிறுத்தி வைத்திருந்தேன். மேகம் வந்து மொத்தத்தையும் மூடிவிட்டது. வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த கிரகணம் ஜனவரியில், அதுவும் மாட்டுப் பொங்கலன்று, பட்டப்பகலில். தெற்கே ராமேஸ்வரம் பக்கம் வளையமாகத் தெரியும், நம் பக்கம் முக்கால்வாசிக்கு மேல் மறையும் என்றார்கள். வேன் பிடித்துக் குடும்பத்தோடு பெருமுக்கல் மலைக்குப் போவது, மலை மேலிருந்து பார்ப்பது, எல்லோருக்கும் பொங்கல் பரிசாகக் கிரகணக் கண்ணாடி கொடுப்பது என்று திட்டம் போட்டேன். கண்ணாடிகளைச் சென்னையிலிருந்து வரவழைத்தும் விட்டேன்.

அதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போனது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த சந்தோஷம் அது. நான் அழுதேன், பார்த்திபன் அழுதார். என் மாமியார் கிளியம்மாள் அழவில்லை. விரல் விட்டு மாதத்தை எண்ணினார். மாட்டுப் பொங்கலன்று எனக்கு ஆறாம் மாதம் நடக்கும் என்று தெரிந்ததும் அவர் முகம் வெளிறிப் போனது.

காரணம் என் கொழுந்தன் மணிமாறன். எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் பெரிய கிரகணம் வந்தபோது அத்தையின் வயிற்றில் மணிக்கு ஆறு மாதம். பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது. கிரகணம் கடித்த மூளி என்றார்கள். தையல் போட்டுச் சரி செய்த பிறகும் வடு நின்றுவிட்டது, பேச்சும் கொஞ்சம் மூக்கால்தான் வரும். மீசை வைத்து மறைத்துக்கொள்வான். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பழி அத்தை தலையில் வந்து விழும். “இவ அன்னிக்கு உள்ள அடங்கிக் கெடந்திருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கதி வருமா?” என்று மாமனார் ராஜாங்கம் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். அத்தை வாயைத் திறக்க மாட்டார்.

நான் திறந்தேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. உதடு கூடுவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடும், ஆறாம் மாதத்தில் வந்த கிரகணம் அதை என்ன செய்ய முடியும் என்று படம் வரைந்து காட்டினேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். “நீ படிச்சவ, சொல்லுவ. பெத்தது நானு” என்றார்.

“நான் மலைக்குப் போகத்தான் போறேன் அத்தை” என்று சொல்லிப் பார்த்தேன். போகிப் பண்டிகையன்று அத்தை அடுப்படியில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒரு மத்தியானம் தான்மா. எனக்காக இருந்துடு. உனக்கும் அப்படி ஒண்ணு பொறந்து, என்னாட்டம் நீயும் காலத்துக்கும் கேட்டுக்கினு கெடக்கணுமா?” என்றார். மணி கதவோரம் நின்றிருந்தான். ‘அப்படி ஒண்ணு’ என்றது அவன் காதில் விழுந்திருக்கும். அவன் ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனான். சரி என்று சொல்லிவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வேன் வந்தது. மாமனார், பார்த்திபன், நாத்தனார் குடும்பம் எல்லோரும் நான் வாங்கிய கண்ணாடியோடு ஏறினார்கள். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தவள் வாசலில் நின்று டாட்டா காட்டினேன். வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். மணி மட்டும் வேனில் ஏறவில்லை. கூட்டத்தோடு எங்கேயும் போகாதவன் அவன். பசு மாட்டை யார் பார்ப்பது என்று சொல்லித் தோட்டத்திலேயே நின்றுகொண்டான். “நீ வேணும்னா வெளியவே இரு. உனக்கு ஆனது ஆயிப்போச்சி” என்றார் அத்தை.

வீட்டின் பின்பக்கம் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, அடுக்கும் அறை ஒன்று உண்டு. மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னல் கிடையாது. அந்த அறைதான் எனக்கு என்று ஆனது. என் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கூட அத்தை கழற்றி வாங்கிக்கொண்டார். சொறியக் கூடாது, சாப்பிடக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் கோணியை அடைத்தார். சாவித் துவாரத்தில் துணியைத் திணித்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் வந்த இடத்தில் மூட்டை மேல் ஏறி நின்று பழைய புடவையைச் சொருகினார். அந்த வயசில் அவர் ஏறியதைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது. கடைசியில் அறை கும்மிருட்டானது. அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து முருகா முருகா என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்.

நான் இருட்டில் மல்லாந்து கிடந்து மனசுக்குள் எல்லோரையும் திட்டினேன். இந்நேரம் மலை ஏறியிருப்பார்கள். ஆர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பாள். கிரகணத்தின்போது உலக்கை தானாக நிற்கும் என்று தெருவில் யார் வீட்டிலோ தாம்பாளத்தில் நிறுத்தியிருப்பார்கள் போல, “நின்னுடுச்சி, நின்னுடுச்சி” என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். ஆளாளுக்கு ஒரு அதிசயம். எனக்கு மட்டும் மல்லாட்டைத் தூசி.

அப்போதுதான் கவனித்தேன். எதிரே அடுக்கியிருந்த மூட்டையில் ஒரு வெளிச்சப் பொட்டு. அண்ணாந்து பார்த்தேன். ஷீட்டில் எப்போதோ கழன்று விழுந்த ஆணியின் ஓட்டை. மற்ற எல்லாவற்றையும் அடைத்த அத்தையின் கண்ணுக்கு அது தப்பியிருக்கிறது. அதன் வழியாக ஊசி போல ஒரு வெயில் சரிந்து இறங்கியது. பொட்டு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கடித்துப் போட்ட அதிரசம் போல இருந்தது.

முதலில் கோணியின் மடிப்பு என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கக் கடித்த இடம் பெரிதானது.

வருஷா வருஷம் செருப்புப் பெட்டியில் குண்டூசியால் ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தி தலைகீழாகத் தெரிகிறதா என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். என் மாமியார் எனக்குச் செய்து கொடுத்திருப்பது அதே பெட்டிதான். என்னை உள்ளே வைத்து மூடிய பெரிய பெட்டி. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் எரிகிற சூரியன், அதன் குறுக்கே போகிற நிலா, இரண்டும் எங்கள் வீட்டு மல்லாட்டை மூட்டை மேல் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தன. கண்ணாடி வேண்டாம், கண் கூசவில்லை. மலையில் நிற்கிறவர்களுக்கு இது கிடைத்திருக்காது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அத்தையிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் அந்த ஓட்டையில் துணி ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டேன். திருட்டு மாங்காய் தின்கிற பிள்ளையாட்டம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

சூரியன் நகர நகரப் பொட்டும் நகரும் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. நானெல்லாம் ஒரு அறிவியல் டீச்சர். அது மூட்டையை விட்டுத் தரைக்கு இறங்கி, பாய் ஓரத்துக்கு வந்தது. அதற்குள் நல்ல பிறையாகிவிட்டது. பாயில் ஏறி என் இடுப்புப் பக்கம் ஊர்ந்து வந்தபோது என் கை தானாக வயிற்றைப் பொத்தியது. இத்தனை படித்தும் அந்த நொடியில் பயந்துதான் போனேன்.

என் வளையல் சத்தம் கேட்டு அத்தை திரும்பினார்.

“இன்னா அது?”

சட்டென்று குனிந்து என் வயிற்றுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவே கையை நீட்டினார். பிறை அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

“இன்னா சங்கவி இது, பிறையாட்டம் கீது?”

பொய் சொல்லியிருக்கலாம். கூரை ஓட்டையின் வடிவம் அப்படி என்றால் நம்பிவிடுவார். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

“அதுதான் அத்தை கிரகணம். சூரியன்தான் அந்த ஓட்டை வழியா இறங்கி உங்க கையில விழுந்திருக்கு.”

அத்தை அசையவில்லை. கையை எடுத்தால் அது என் மேல் விழும். எடுக்காவிட்டால் அது அவர் கையில் இருக்கும்.

“நீ நகரு. ஜல்தி நகருமா” என்றார்.

நான் உருண்டு சுவரோரம் போனேன். “இப்போ கையை எடுத்துடுங்க அத்தை” என்றேன்.

அவர் எடுக்கவில்லை. குனிந்து உள்ளங்கையையே பார்த்தார். மெல்ல விரல்களை மடக்கினார், பிறை விரல் மேல் ஏறியது. விரித்தார், மறுபடி இறங்கியது. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டார். சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவர் போலத் தொட்டுவிட்டு விரலை இழுத்தார். பிறகு மறுபடி தொட்டார்.

“சுடல” என்றார்.

“சுடாது அத்தை.”

“அன்னிக்குக் களத்துல மல்லாட்டை காய வச்சிருந்தேன். மாடு அவுத்துக்கினு வந்து தின்னுச்சி. வெரட்ட ஓடினேன். ஒரே ஒரு தபா தலையைத் தூக்கினேன். கண்ணு கூசுச்சி. ஒண்ணுமே பாக்கல. நான் அதைப் பாக்கவே இல்ல சங்கவி.”

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை என்று நினைக்கிறேன்.

“மணீ!” என்று திடீரென்று கத்தினார். “டேய் மணி, இங்க வா!”

தோட்டத்திலிருந்த மணி பதறிக்கொண்டு ஓடிவந்தான். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். கோணியை மிதித்துத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தவனை, “கதவைச் சாத்துடா, போயிடப் போவுது” என்று அதட்டினார் அத்தை. நாள் முழுக்க வெளிச்சத்தை அடைத்தவர் இப்போது இருட்டைக் காப்பாற்றப் பார்த்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மணி இருட்டில் தடவிக்கொண்டு வந்து குந்தினான். அம்மாவின் கையைப் பார்த்ததும் இன்னும் கிட்டே நகர்ந்தான். தோட்டத்தில் நான் கொடுத்த கண்ணாடியைப் போட்டு வானத்தில் பார்த்துவிட்டு வந்தவன்தான். இருந்தாலும் அம்மா கையில் அதைப் பார்ப்பது வேறு. ஆட்களைப் பார்த்தால் வழக்கமாக மீசையைப் பொத்தப் போகும் கை கூட முழங்காலிலேயே கிடந்தது.

அத்தை அவன் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார்.

“இத்தனூண்டுடா. பாரு. தொட்டா சுடக் கூட இல்ல. இதுவாடா உன்னைக் கடிச்சிது?”

மணி அந்தக் கையின் மேல் குனிந்து பார்த்தான்.

“என்னைக் கேட்டா? நான் உன் வயித்துக்குள்ளதானே இருந்தேன்” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார், சூரியன் கையில் குதித்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. “நான் ஒண்ணும் பண்ணலடா மணி. நான் உனக்கு ஒண்ணும் பண்ணல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மணி அந்தக் கையைக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும்மா” என்றான்.