நாற்பத்தோராவது பெட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டிகளின் எண்களைப் பட்டியல் எடுக்கத் தொடங்கினார் டெக்னீஷியன் கருப்பு. பல்கலைக்கழக வளாகம் முழுக்க நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளை மாட்டியவர் அவர்தான். எந்தத் தகவல் எந்த வழியில் போவது என்பதை இதுவரை ஒவ்வொரு பெட்டியும் தானே முடிவு செய்தது. ஒன்றை மாற்றுவதென்றாலும் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இனிமேல் கணினி அறையில் இருக்கும் ஒரே மென்பொருள்தான் எல்லாவற்றுக்கும் கட்டளையிடும். ஆராய்ச்சிகளுக்குத் தனித்தனிப் பாதை போட்டுக் கொடுக்கும். பட்டியலில் எண் இல்லாத பெட்டியை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

உயிரியல் துறையின் ஃப்ரீசர் அறைப் பெட்டியில் எண் தெரியவில்லை. எண் ஒட்டிய சீட்டின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி பாண்டிமீனா. காரணம் இருந்தது. திருவாதவூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் ஆறு வருடமாக அவள் அள்ளிய மண்ணின் நுண்ணுயிர்கள் அந்த ஃப்ரீசரில்தான் உறைந்திருந்தன. குளிர் குறைந்தால் அவள் போனுக்கு எச்சரிக்கை போவது இந்தப் பெட்டி வழியாக.

பூஜையில் வைத்த சந்தனத்தைச் சுரண்டக் கருப்புக்கு மனம் வரவில்லை. காய்ந்து உதிர்ந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று நாற்பதோடு நிறுத்தினார். அவர் அனுபவத்தில், எழுதாத பெட்டியும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நெட்வொர்க் பொறுப்பாளர் ஸ்வர்ணா, அம்புட்டும் வந்துவிட்டதா என்று கேட்டபோது தலையாட்டினார்.

புது மென்பொருளுக்கு மாற்றி ஒன்பது நாளாயிற்று. திங்கட்கிழமை காலை பாண்டிமீனா நன்றி சொல்ல வந்தாள். முன்பெல்லாம் கரண்ட் கண் சிமிட்டினாலே போன் அலறுமாம். நாளைக்கு இரண்டு தடவை ஓடிப்போய்ப் பார்ப்பாளாம்.

"இப்ப வாயே தொறக்கலக்கா. அந்தப் பக்கமே போகாம மூணு நாளா ரூம்ல உக்காந்து தீசிஸ் எழுதுறேன்."

ஸ்வர்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். நாற்பது பச்சைப் புள்ளிகள். அடியில் ஒரு சிவப்புக் கோடு.

"இது யாரோ வெளியாளு. ஹாஸ்டல் பயலுக எவனாச்சும் இருப்பான். உள்ள வாரேன் வாரேன்னு தட்டிக்கிட்டே இருக்கான், நம்ம ஆளு தொறப்பேனாங்குது."

அந்தக் கோடு வெள்ளிக்கிழமை மாலை வரை தரையோடு கிடந்தது. பிறகு நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறங்கவே இல்லை.

"வெறி பிடிச்சவன் மாதிரி தட்டிருக்கான் பாரு. இன்னைக்கு விடிகாலையில நிறுத்திட்டான். அலுத்துப்போச்சு போல."

டீ வாங்கி வந்த கருப்பு வாசலிலேயே நின்றார்.

"எத்தன பெட்டி மேடம் பச்சையா இருக்கு?"

"நீங்க குடுத்த நாப்பதும்ணே."

அவர் டீயை மேசையில் வைத்தார். பாண்டிமீனாவைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சந்தனம் வச்சியேம்மா, அந்தப் பெட்டிய நான் எழுதல."

அவள் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை தட்டியது என்று கேட்டாள். பதினோராயிரத்துச் சொச்சம் என்று ஸ்வர்ணா மெல்லச் சொன்னாள்.

கருப்பும் பாண்டிமீனாவும் உயிரியல் துறைக்கு விரைந்தார்கள். கண்மாய்களில் இரண்டு இப்போது வீட்டுமனையாகிவிட்டன என்று போன மாதம் அவள் சொன்னது கருப்புக்கு நினைவு வந்தது. அந்த மண்ணை இனி எங்கே போய் அள்ளுவது?

கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வராந்தா வரை வந்திருந்தது. உள்ளே ஃப்ரீசரின் இரைச்சல் இல்லை. சுவரில் அதன் மின்சார பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆகிக் கீழே இறங்கியிருந்தது. எச்சரிக்கை மணியின் பேட்டரி, இருந்த கடைசிச் சொட்டு வரை தட்டித் தீர்ந்துபோயிருந்தது. பாண்டிமீனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தாள்.

"சில்லுனுகூட இல்லண்ணே."

பெட்டியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. எண் பளிச்சென்று தெரிந்தது. கருப்பின் போன் அடித்தது, ஸ்வர்ணா. நம்பரைச் சொல்லுங்கண்ணே, உடனே ஏத்திடுறேன் என்று அவசரப்பட்டாள். கருப்பு போனைக் காதில் வைத்தபடி அந்த எண்ணையே பார்த்தார்.

ஃப்ரீசரின் கைப்பிடியைப் பிடித்தபடி, திறக்காமல், பாண்டிமீனா திரும்பினாள்.

"சொல்லுங்கண்ணே. கேக்குறாங்கல்ல."