கடைசித் தொடர்பு: இரண்டு நிமிடம் முன்பு

தர்மராஜ் அந்த வெள்ளைப் பெட்டியைக் கையில் எடுத்து, திருப்பி, அடியில் அச்சடித்திருந்த பொடி எழுத்துகளைப் படிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மேசைமேல் வைத்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கத்து ஒற்றை விளக்கு இரண்டு நாளாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. புதுப்பட்டினம் முழுவதற்கும் இன்டர்நெட் லைன் பார்ப்பவன் அவன். சுவரில் அவனுடைய கம்பெனிப் பெட்டி நிம்மதியாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. லைன் அதில் வந்து, அங்கிருந்து இந்த வெள்ளைப் பெட்டிக்குப் போய், அதிலிருந்துதான் வீடெங்கும் போகும்.

"இன்னா சார், நம்ம பொட்டி சோக்கா எரிஞ்சிகினு கீது. இதான் பேஜாரு. தூக்கிப் போட்டுட்டு நம்மளதுலயே நேரா ஓட்டு சார். வூட்டுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பொட்டி?"

வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் பார்க்கலாம் என்றார். தர்மராஜுக்குக் காரணம் கேட்க நேரமில்லை. மாமல்லபுரத்தில் ஏதோ ஓட்டலில் வைஃபை போய் வெள்ளைக்காரர்கள் மேனேஜரை வறுத்தெடுக்கிறார்களாம். வண்டியை உதைத்துக் கிளம்பினான்.

தப்பு அவருடையதுதான். அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஒரு மீட்டரின் திருகைத் திருப்புவதென்றாலும் தாளில் அனுமதி வாங்க வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் அனுமதி கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கண்டார். பழையதிலேயே கிடந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அழுத்தினார். பெட்டி ஐந்து நிமிடம் இருண்டு, பிறகு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அதோடு சரி. ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது.

பெட்டியை மாட்டியவன் ஷ்யாம். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஹாலந்துக்குக் கிளம்பும் முன் கடைசி மூன்று வாரங்களில் மாட்டினான். அந்த மூன்று வாரமும் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. அதே நிலையத்தில் பயிற்சிக்குத் தேர்வாகி, எட்டே மாதத்தில் விட்டுவிட்டு வந்தான் அவன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரவிச்சந்திரனுக்கு விஷயம் தெரிந்தது கேன்டீனில், அவருடைய அதிகாரி வாயால், தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோது. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் "இனிமே என்கிட்ட பேசாத" என்றார். அவர் சொன்னதில் பையன் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். அம்மாவிடம் தினமும் பேசுவான். அமிர்தவல்லி சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு காய் நறுக்கியபடி பேசுவாள். ரவிச்சந்திரன் அந்த நேரத்துக்கு வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்யும் நாளிலும் விட்டிருக்கிறார்.

ஷ்யாம் அங்கே தன் அறையிலும் இதேபோல ஒரு பெட்டி வைத்திருந்தான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு தனி வழி போட்டிருந்தான். அங்கிருந்து தமிழ்ச் சேனல் பார்க்க, இங்கத்திய வங்கிப் பக்கத்துக்குள் போக, எல்லாம் இந்த வீட்டு லைன் வழியாகத்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்; வெள்ளைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால் அதைக் காட்டும் ஒரு வரி இருக்கும். கடைசித் தொடர்பு: ஒரு நிமிடம் நாற்பது விநாடி முன்பு. ரவிச்சந்திரன் தினமும் காலையில் அதைப் பார்ப்பார். பார்ப்பதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் மீட்டர் முள்ளைப் பார்த்தவர், அதே கண்ணோடு பார்த்துவிட்டுப் பேப்பரை எடுப்பார். பேசிக்கொள்வது இரண்டு பெட்டிகள்தான், பையன் அல்ல என்று தெரியாதவரும் இல்லை அவர். ஆனாலும் அங்கே ஒருவன் அந்தப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்காமல் வைத்திருக்கிறான் அல்லவா. அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் அதுவும் இல்லை.

பெட்டியை அடியோடு அழித்துப் புதிதாக்குவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தனி வழியின் சாவி, நாற்பத்து நான்கு எழுத்துகள், அதோடு சேர்ந்து போய்விடும். பிறகு மறுபடி வழி போட அவனைத்தான் கேட்க வேண்டும். அவன் போடாமலும் விட்டுவிடலாம். அப்பாதான் லைனை அறுத்துவிட்டார் என்று நினைத்தாலும் நினைப்பான். அது ஒன்று மட்டும் அவருக்குத் தாங்காது.

திங்கட்கிழமை முழுவதும் செல்போன் நெட்டில் பெட்டியைப் பற்றிப் படித்தார். விளக்கு சிமிட்டும் நேரம் பார்த்துப் பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் பெட்டி அரைத்தூக்கத்தில் எழுந்துகொள்ளும், வீட்டுக்கு லைன் தராது, ஆனால் உள்ளே இருப்பதைக் காட்டும் என்று தெரிந்துகொண்டார். ஏழாவது முயற்சியில் எழுந்தது. பழைய அமைப்புகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. புதிய பதிப்புக்குத்தான் அவை புரியவில்லை. சாவி இருந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஷ்யாம் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தான். டிவி. அம்மா. அடுத்த வரியில் அப்பா. பேசாத மூன்று வாரத்தில் உட்கார்ந்து டைப் செய்தது அது. ரவிச்சந்திரன் அந்த வரியைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் பிரதி எடுத்துக்கொண்டார்.

ஆக, செவ்வாய்க்கிழமை தர்மராஜ் போன பிறகு மிச்சமிருந்தது பத்து நிமிட வேலைதான். பெட்டியை மறுபடி அரைத்தூக்கத்தில் எழுப்பிவிட்டிருந்தார். அழிக்க வேண்டியது, திரும்ப ஏற்ற வேண்டியது. மணி பதினொன்று. அங்கே காலை ஏழரை. அப்போது அமிர்தவல்லி போனோடு வந்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஷ்யாம். லைன் ஏன் வரலன்னு கேக்கறான். எனக்கு என்ன தெரியும்? நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். சமையலறையில் மிக்ஸி ஓடவில்லை, குழாய் ஓடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா."

"ம்."

"இப்ப பெட்டி எந்த நிலைமைல இருக்கு?"

ரவிச்சந்திரன் பெட்டியைப் பார்த்தார். விளக்கு வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தயார், நானே முடித்துவிடுகிறேன் என்று சொன்னால் அரை நிமிடத்தில் போனை வைத்துவிடுவான். அவர் கையை நீட்டிப் பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினார்.

"ஒண்ணுமே எழுந்திரிக்கல," என்றார். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தாளிலும் பொய் எழுதாதவர்.

ஷ்யாம் கீபோர்டில் எதையோ தட்டித் தேடுவது கேட்டது. பிறகு, "சரி, நான் படிக்கிறேன். நீங்க செய்ங்க," என்றான்.

நிலையத்தில் அப்படித்தான் வழக்கம். ஒருவர் வேலையின் ஒவ்வொரு படியையும் உரக்கப் படிப்பார். செய்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். செய்து முடித்ததும் ஆச்சு என்று சொன்னால்தான் படிப்பவர் அடுத்த வரிக்குப் போவார். எட்டு மாதத்தில் பையன் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று ரவிச்சந்திரனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பவர் குடுங்க."

"பவர் குடுக்கறேன். ஆச்சு."

"விளக்கு சிமிட்டினதும் பின்னாடி பட்டனை அழுத்துங்க."

"சிமிட்டினதும் பட்டனை அழுத்தறேன்."

முதல் தடவை வேண்டுமென்றே தாமதித்தார். தப்பிவிட்டது என்றார். பரவாயில்லப்பா, மறுபடி பண்ணுவோம் என்றான் அவன். சலிப்பில்லாமல் சொன்னான். இரண்டாவது தடவை உண்மையாகவே தப்பியது. கை தயாராக இல்லை. மூன்றாவதில் பெட்டி எழுந்தது. பெட்டியோடு பேச லேப்டாப்புக்கு ஓர் எண் கொடுக்கச் சொன்னான், கொடுத்தார். பழைய கோப்புகளைப் பிரதி எடுக்கச் சொன்னான். நேற்று எடுத்ததன் மேலேயே மறுபடி எடுத்தார். சாவி இருந்த வரியை அவர் படிக்க ஆரம்பித்ததும் மட்டும் குறுக்கிட்டான்.

"அத வெளில படிக்காதீங்கப்பா. பத்திரமா இருக்கான்னு மட்டும் பாருங்க."

"பத்திரமா இருக்கு."

பெட்டியை அழித்தார்கள். புதிதாக எழுந்ததும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது முழுக்க எண்களும் வயர்களும் விளக்கின் நிறமும்தான். வேலை எப்படி இருக்கிறது, குளிர் எப்படி, உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குக் கேட்கவும் தோன்றவில்லை. கை மட்டும் அவன் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. பையன் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது என்று தோன்றியது. காலையில் எழுந்ததனால் இருக்கலாம்.

கடைசியாக, சுவர்ப் பெட்டியிலிருந்து வரும், கழற்றி வைத்திருந்த வயர். "குத்துங்க" என்றான். ரவிச்சந்திரன் திருப்பிச் சொன்னார். ஆனால் வயரைக் கையிலேயே வைத்திருந்தார். இதைக் குத்திய மறுநொடி அவனுக்கு அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் படியில் மட்டும் பொய் சொல்ல வழியில்லை.

"அப்பா, குத்தியாச்சா?"

குத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் திரையில் அந்த வரி வந்தது. கடைசித் தொடர்பு: மூன்று விநாடி முன்பு.

"வந்துடுச்சுப்பா. இங்க தெரியுது." பிறகு, படிப்பவர் கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னான். "வேலை முடிஞ்சது."

இதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ரவிச்சந்திரன் சொல்லவில்லை. போனில் எங்கோ ஒரு ஸ்பூன் கோப்பையில் இடிபட்டது. அவனும் வைக்கவில்லை. சமையலறைக் கதவு லேசாக அசைந்து நின்றது.

"ஷ்யாம்," என்றார். பெயரைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று நாக்குக்குத்தான் தெரிந்தது. "முதல்லேர்ந்து இன்னொரு தடவை படிக்கிறியா? எழுதி வெச்சிக்கறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கறீங்களா? சரி. ஒண்ணு. பவர் குடுங்க."

"பவர் குடுக்கறேன்," என்றார் ரவிச்சந்திரன். கையில் பேனா இல்லை. எழுந்து தேடவும் இல்லை. திரையில் அந்த வரி இரண்டு நிமிடத்தைத் தொட்டது. தொட்டதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, ஒன்று, இரண்டு என்று ஏற ஆரம்பித்தது.